பள்ளியைக் காக்கப் போட்ட தோட்டம்

எங்கள் பள்ளியை மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தோட்டத்தையே போட்டேன், காய்கறிக்காக இல்லை. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமம். ஈராசிரியர் பள்ளி, நான் தலைமையாசிரியை. இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் ஊருக்குள் நுழைந்த நாளிலிருந்து எங்கள் வகுப்புகள் காலியாகிக்கொண்டே வந்தன. இன்னும் பிள்ளைகள் குறைந்தால் அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று கல்வி ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பள்ளித் தோட்டம் போட உதவுவதாக ஒரு தொண்டு நிறுவனம் இராமநாதபுரத்துக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. மதுரையிலிருந்து வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி சார்ட் பேப்பரை விரித்து, "இதுக்குப் பேரு லாஜிக் மாடல்" என்றாள். நம்மிடம் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வோம், என்ன கிடைக்கும், கடைசியில் என்ன மாறும் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பச் சொன்னாள். மற்றவர்கள் சத்துணவு, சுற்றுச்சூழல் என்று எழுதினார்கள். நான் 'பள்ளி நிலைக்கும்' என்று எழுதினேன்.

"தோட்டத்துக்கும் இதுக்கும் ரொம்ப தூரமா இருக்கே மேடம்?"

"எனக்கு வேற கவலை கிடையாதும்மா. அம்பை நீளமாப் போட்டுக்கிறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள், ஆனாலும் விடவில்லை. எதையெல்லாம் நம்பி இந்தத் திட்டம் என்று அடியில் இன்னொரு கட்டம் போட்டாள். மழை பெய்யும், ஆடு வேலி தாண்டாது என்று எழுதினேன். குடிக்கிற ஊருணியில் செடிக்குத் தண்ணீர் மொள்ள ஊர் விடாது, அதனால் பிள்ளைகள் மதியம் தட்டுக் கழுவும் தண்ணீர் போதும் என்று எழுதினேன். பெற்றோர் மகிழ்வார்கள் என்றும் எழுதினேன்.

"பெத்தவங்கள கேட்டீங்களா மேடம்?"

"அத வேற கேக்கணுமா? வெள்ளாமை பாத்துப் பொழைக்கிற சனங்கம்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

கண்மாயில் படிந்த கரம்பை மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கத்தரியும் வெண்டையும் போட்டோம். மம்பட்டி பிடித்து மண்ணைக் கொத்துவதில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மணி அடிக்கும் முன்பே வந்து செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பூ விட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பள்ளி பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒருநாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். கூலிக்கு வேலை பார்ப்பவர். வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், மம்பட்டி புடிச்சு மக கையி காச்சுப்போயிருக்கு. எங்க கையி காச்சது போதும்னுதான் இங்கன அனுப்புனோம். நீங்களும் மம்பட்டியக் குடுத்தா நாங்க என்ன செய்ய?"

அவர் சண்டைக்கு வந்திருந்தால் நானும் பேசியிருப்பேன், வாய்க்கு எனக்குப் பஞ்சமில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். என் அய்யாவும் கூலிக்குக் கொத்தியவர்தான். நான் வயலில் கால் வைத்தால் வரப்பிலிருந்தே விரட்டுவார். அவர் அப்படி விரட்டியதால்தான் நான் டீச்சரானேன். இது எப்படி என் மண்டையில் உறைக்காமல் போயிற்று?

"நாளையிலருந்து யாரும் மண்ணத் தொட வேணாம். பிள்ளைய மட்டும் அனுப்புங்க" என்று கெஞ்சினேன்.

"வேனுக்குச் சொல்லிட்டோம் டீச்சர். கோவிச்சுக்கிறாதீக."

அவரைப் பார்த்து மற்றவர்களும் டி.சி. கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் குறையக் குறையத் தட்டுக் கழுவும் தண்ணீரும் குறைந்தது. வெண்டை காய்ந்தது. சத்துணவு சமைக்கும் அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக் கத்தரியை மட்டும் காப்பாற்றினார். ஆண்டு முடிவில் ஆபீஸ் உத்தரவு வந்துவிட்டது.

சாவியை ஒப்படைக்கப் போகும் காலையில் வேன் எங்கள் வாசலைத் தாண்டியது. ஜன்னலோரம் அந்தப் பெண், கழுத்தில் டை, தலையில் ரிப்பன். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, "குட் மார்னிங் மிஸ்" என்று கூவினாள். நானும் குட் மார்னிங் சொன்னேன். நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. கதவைப் பூட்டக் கை வராமல், பூட்டைச் சமையல் அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.