பதில் வராத ஏழாவது பெயர்

2006-ஆம் ஆண்டு. புவனகிரியிலிருந்து பரங்கிப்பேட்டை போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் புது வகுப்பறை கட்டும் வேலைக்குப் போயிருந்தேன். ஆறாவதோடு படிப்பை விட்டு ஊரைவிட்டு ஓடியவன் நான். ஹோட்டலில் மேசை துடைத்தேன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன், சிதம்பரத்தில் அரிசி மண்டியில் மூட்டை இறக்கினேன். ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அந்தச் சமயம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலூரில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இரண்டு நாள் நடக்கும். இரவு அங்கேயே ஒரு வகுப்பறையில் தங்க வேண்டும். மாணவிகளுக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். பையன்களோடு போகவேண்டிய வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். சாரத்தின் மேல் நின்றிருந்த என்னைத் தலைமையாசிரியர் கீழே கூப்பிட்டார்.

"நீதான் ஊரெல்லாம் சுத்துனவனாச்சே. ரெண்டு நாளு பசங்களப் பார்த்துக்கிறியாப்பா? கூலி கெடையாது. சோறு உண்டு."

சரி என்றேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பிறகு ஒருமுறையாவது அதன் பக்கம் நிற்கலாமே என்று தோன்றியது. பையன்கள் என்னை 'சார்' என்றார்கள். அதுவும் பிடித்திருந்தது.

டீச்சர் ஒன்பது பெயர்கள் எழுதிய தாளைக் கொடுத்து, வேனில் ஏற்றும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பையன்கள் முன்னால் திணறுவதற்குக் கூச்சம். அதோடு, மண்டியில் லாரி லாரியாக மூட்டை எண்ணியவன். ஒன்பது தலை எனக்கு ஒரு கணக்கா?

ஒன்பது பேரில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஒல்லியாக, பேச்சில்லாமல் இருப்பான். சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன பிறகு அவன் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் உப்பாகிவிட்டது. அதற்குத்தான் அவன் ஒரு வழி செய்திருந்தான். அலுமினியச் சட்டியில் உப்புத்தண்ணீர், நடுவில் ஒரு டம்ளர், மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி அதன் நடுவே ஒரு சிறு கல். வெயில் பட்டால் ஆவி தாளில் முத்து முத்தாகப் படிந்து, கல் இருக்கும் பள்ளத்துக்கு வந்து டம்ளரில் சொட்டும். மற்ற பையன்கள் அவனைச் 'சட்டி' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் நாள் முழுக்க மேகம். ஒரு சொட்டு விழவில்லை. பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இரவு என் பக்கத்தில்தான் படுத்தான்.

"சார், நாளைக்கு வெயில் அடிக்குமா?"

"அடிக்கும்டா, தூங்கு."

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வெயில் வந்தது. அதுவும் கட்டடத்துக்குப் பின்பக்கம். நானே சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தேன். "யாராவது தட்டி விட்டுருவாங்க. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் நவுராத" என்று அவனிடம் சொல்லிவிட்டு மற்றவர்களின் சாமான்களைக் கட்டப் போனேன். அதோடு மறந்துவிட்டேன்.

மாலையில் மாணவிகளின் வேன் டீச்சரோடு முன்னால் போய்விட்டது. எங்கள் வேனில் ஏறும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். ஒன்பது. கதவைச் சாத்தினேன்.

ஆலப்பாக்கம் தாண்டி, பையன்களுக்கு பன் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி சீட்டு மூலையில் ஒருவன் வாங்காமல் முழித்தான். மற்றவர்களைப் போலவே வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை. ஆனால் முகம் புதிது.

"நான் திட்டக்குடி சார்" என்று அழ ஆரம்பித்தான். வெள்ளை வேனில் ஏறச் சொன்னார்களாம், ஏறிவிட்டான். வேறு வேன் என்று தெரிந்ததும் சொல்ல பயம்.

"சார், சட்டியக் காணோம்!" என்று முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். "என்னா அண்ணே, புள்ளய மாத்தி ஏத்திக்கினு வந்துட்டீங்களே!" பதற்றத்தில், சட்டியைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் நிறுத்தியதுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஊரில் கிளம்பும்போது அவன் அம்மா வேன் ஜன்னலைப் பிடித்தபடி, "பத்திரமா கூட்டியாந்துருங்க சார்" என்று சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வேன் கண்காட்சி நடந்த பள்ளி வாசலில் நின்றது. "ஒருத்தனும் எறங்கக் கூடாது" என்று எட்டுப் பேரையும் உள்ளே விட்டுவிட்டு, திட்டக்குடிப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவனுடைய வாத்தியார் மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றிருந்தார். பையனைப் பார்த்ததும் மைக்கைப் போட்டுவிட்டு வந்து அணைத்துக்கொண்டார்.

மைக்செட்டுக்காரர் என்னிடம் கேட்டார். "உங்க பையன் பேரு சொல்லுங்க, கூப்பிடுறேன்."

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் சேர்ந்து சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்த பையனின் பெயர் எனக்குத் தெரியவில்லை. வேனுக்குத் திரும்பிப் போய் "அவன் பேரு என்னடா" என்று பிள்ளைகளிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்தேன். மைக்கை வாங்கி, எழுத்துக் கூட்டி முதல் பெயரைப் படித்தேன்.

வாசலில் நின்ற வேனிலிருந்து சத்தம் வந்தது. "உள்ளேன் ஐயா!"

இரண்டாவது பெயர். "உள்ளேன் ஐயா!" கூடவே சிரிப்பு. அவர்களுக்கு அது விளையாட்டு. ஆறு பெயருக்கும் பதில் வந்தது.

ஏழாவது பெயருக்கு வேனிலிருந்து பதில் வரவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

அப்போதுதான் தெரிந்தது அவன் பெயர். திரும்பக் கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். கட்டடத்தின் மூலையில் அவன் தெரிந்தான். இரண்டு கையிலும் சட்டியை ஏந்திக்கொண்டு, சிந்திவிடாமல் அடிமேல் அடி வைத்து வந்தான். அழுத அடையாளம் கூட இல்லை. நான்தான் அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டா அங்கேயே நின்ன?"

"நீங்க வந்து கூப்பிடுற வரைக்கும் நவுராதன்னு சொன்னீங்களே சார்."

பிளாஸ்டிக் தாளை விலக்கி டம்ளரை எடுத்து நீட்டினான். அடியில் ஒரு மடக்குத் தண்ணீர். "குடிச்சுப் பாருங்க. உப்பே இல்ல." குடித்தேன். உப்பு இல்லை.

அந்தக் கட்டட வேலை முடிந்ததும் வழக்கம்போல நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். இன்று பத்துப் பதினைந்து பேரைக் கட்டட வேலைக்கு வண்டியில் கூட்டிப் போகிறவனாக இருக்கிறேன். யாரையும் தலை தொட்டு எண்ணுவதில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்வேன். அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால், ஒருவனை நம்பிக் காத்து நிற்பவனுக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்கு உறைத்த நாளிலிருந்து, அவன் பெயர் என் நாக்கை விட்டுப் போகவில்லை.