காது சாருக்குக் கேட்காத கீச்சு

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், லிஃப்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவர் வேலை. எல்லோரும் அவரைக் காது சார் என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்பார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், வீட்டுலதான் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்று வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். சாயங்காலம் வீட்டில் அதைக் குரல் மாற்றி நடித்துக்காட்டி, தானே முதல் ஆளாகச் சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, சிக்னலில் கார் நின்றபோது மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, பிரேக் போட்டா வண்டி இப்படிக் கீச்சுன்னு கத்துது?"

"நம்ம வண்டி இல்லம்மா. பக்கத்துல அந்த வேன்."

அடுத்த சிக்னலில் வேனும் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. "இப்பவும் கத்துச்சே!" என்றாள்.

"காதை வெச்சுப் பொழைக்கிறவன் நான். எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதாக்கும்?"

இந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் அவருக்குக் காது மடல் சூடாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் உட்கார்ந்து வந்த மகளும் அதையே சொன்னாள். அம்மாவும் பெண்ணும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினார். பிரேக் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. புது ஷூவின் மேல் பழியைப் போட்டார். பிரேக் ஆயில் அளவு குறைந்திருந்தது. கடையில் வாங்கித் தானே ஊற்றிவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரி பார்க்கிங் சரிவில் இறங்கி பிரேக்கை மிதித்தார். 'கர்ர்ர்' என்று இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தது. இது அவருக்கே கேட்டது, உள்ளங்காலிலும் அதிர்ந்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு முழம் போன வண்டி, 'அமைதி காக்கவும்' என்ற பலகையை மெதுவாகச் சாய்த்துவிட்டு நின்றது. காவலாளி ஓடிவந்து, "சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். மானம் போனதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானம் வந்த மெக்கானிக், பார்க்கிங் தரையிலேயே வண்டியை ஊர்கிற வேகத்தில் நகர்த்திப் பார்த்தார். காது சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கர்ருன்னு கேக்குதே, அது வலது சக்கரம். இடது பக்கம் தனியா கீச்சுன்னு கத்துது பாருங்க."

"எங்க?"

"இதோ... இப்ப."

"கேக்கலையே."

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இடமே ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று சொல்லக் காது சார் வாயெடுத்தார். நோயாளிகள் சொல்லும் சாக்குகளில் அது இரண்டாவது என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் பழைய பிரேக் பேடையும் புதுப் பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியது விரல் கனம். பழையதில் வெறும் தகடு.

"மூணு மில்லி கனத்துக்கு வந்தாலே மாத்திடணும் சார். பேட் தேஞ்சதும், சக்கரத்தோட சுத்துற டிஸ்க்ல உரசிக் கத்துறதுக்குன்னே ஓரத்துல ஒரு சின்னத் தகடு வெச்சிருக்கான். அது கத்துறப்பவே வந்திருந்தா பேடோட போயிருக்கும். இப்ப டிஸ்க்லயும் கோடு விழுந்திருச்சு, அதையும் மாத்தணும். ஆயிலை வேற ஊத்தியிருக்கீங்க. பேட் தேஞ்சா அது தானா இறங்கும். அதுவும் ஒரு அடையாளந்தான்."

"மூணு வாரமாவா கத்தியிருக்கும்?"

"இருக்கும் சார். வீட்டுல யாரும் சொல்லலையா?"

காது சார் ஷூ லேசைக் குனிந்து கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால், உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம், "சும்மா ஒரு தடவை எனக்கு டெஸ்ட் பண்ணும்மா" என்று கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். சத்தம் மெலிந்து கீச்சாக ஆக ஆக, அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்துப் பட்டனை அழுத்தினார். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தாளில் கோடு பாதிவரை நேராக வந்து, பிறகு மாடிப்படி மாதிரி இறங்கியது.

"வயசுக்கு வர்றதுதான் சார். கீச்சுன்னு வர்ற சத்தம் கேக்குறது மட்டும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இப்போதைக்குக் காது மெஷின் வேண்டாம், ஆறு மாசத்துல மறுபடி பாக்கலாம்" என்றாள். அப்படியே அவர் குரல்; அவர் சொல்லிக்கொடுத்த இழுவை.

சாயங்காலம் தாளை மனைவியிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள்.

"பேச்செல்லாம் நல்லாக் கேக்கும்னு போட்டிருக்கே."

"ஆமா, பேச்சு நல்லாவே கேக்கும்" என்றார் பெருமையாக.

"அப்போ போன மாசம் முழுக்க, பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு நான் சொன்னது?"

அவர் எழுந்துபோய் ஸ்பானரைத் தேடினார்.