பல்லாவரம் கிளப்பில், பார் கவுன்டர் முன்னால் என் கல்யாணம்

காலை வைத்தால் தரை தொம்... தொம்... என்று பதில் பேசும். மெழுகும் வவ்வாலும் கலந்த ஒரு வாசனை வேறு.

பல்லாவரம் கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்கார ஆபீசர்கள் ஜோடி போட்டு ஆடிய பழைய கிளப் அது. ஆடுகிற கால் நோகக்கூடாதென்று ஹாலுக்கு மட்டும் பலகைத் தரை. அவர்கள் போனபின் நம்ம மிலிட்டரிக்கு மெஸ், அப்புறம் கொஞ்ச காலம் அரிசி மூட்டை கோடவுன். எண்பதுகளின் கடைசியில் கல்யாண மண்டபம்.

எங்கப்பா தூண்களை அண்ணாந்து பார்த்து மயங்கி புக் பண்ணிவிட்டார். குனிந்து தரையைப் பார்க்கவில்லை.

முகூர்த்தம் ஏழரைக்குள். ஏழு மணிக்கு ஐயர் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கும்போது வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"சாமி, பலகை மேல நெருப்பா? கட்டடமே எரிஞ்சி பூடும். அந்தாண்ட பழைய பார் ரூம் கீது, சிமென்ட் தரை. அங்க வெச்சிக்கோங்க."

மாமியாராகப் போகிறவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாது, சாராயம் ஊத்துன எடத்துல எம்புள்ள தாலி கட்டணுமா? வாணாம். கெளம்புங்க எல்லாரும்."

அப்பா கைகூப்பிக் கெஞ்சினார். மாப்பிள்ளையோ, குரோம்பேட்டை தோல் கம்பெனியில் அத்தனை பேரை அதட்டுகிற மேஸ்திரி, அம்மா முன்னால் பலகையை எண்ணிக்கொண்டு நின்றார்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். ரொம்ப யோசிக்கத் தெரியாது. மாலையோடு எழுந்து நடந்தேன்... பார் கவுன்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வட்ட ஜன்னலின் கலர் கண்ணாடி வழியாக வெயில் என் புடவையில் விழுந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள்... யாரோ காண்கிற கனவுக்குள் நான் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்தால், பக்கத்தில் மாப்பிள்ளை.

"உங்கம்மா எங்க?"

"வாசப்படியில நிக்குது."

ஐயர் அவசரமாக மந்திரம் சொன்னார். தாலி கழுத்தில் ஏறியது. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை கிடையாது. மூணாவது முடிச்சைப் போடுவது யார் கை என்று திரும்பினேன். மாமியார்.

காதோரம் சொன்னார்: "பார்னு தெரிஞ்சே வந்து குந்திகினியே... நீ எம்புள்ளய நல்லாவே மேய்ப்ப."

முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தார், அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு.

கிளப்பில் இப்போது ஏதோ ஆபீஸ். ஹாலில் டைல்ஸ், ஏசி, கம்ப்யூட்டர். பார் ரூமை இடித்து கார் பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள். போன மாசம் நானும் இவரும் உள்ளே போய்ப் பார்த்தோம். இரண்டு கார்களுக்கு நடுவில் இவர் காலால் இடம் காட்டினார்.

"நீ இங்க... நான் இங்க. அம்மா உன் பின்னாடி."

செக்யூரிட்டி வந்தார். "அண்ணா, அங்க நிக்காதீங்க. வண்டி ரிவர்ஸ் எடுக்கணும்."

இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.