எதிரிக்கு மாமாவின் முகம்

கிள்ளானில் நாங்கள் இருந்த வரிசை வீட்டின் முன்னறையில் ஒரு பழைய கணினி இருந்தது. படிப்புக்கு உதவும் என்று அப்பா யாரிடமிருந்தோ வாங்கி வந்தது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிடைத்த ஒரு போர் விளையாட்டுக் குறுந்தட்டைத் தம்பி அதற்குள் போட்ட நாளிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் இருவரும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்போம். எனக்கு அப்போது பதினான்கு வயது. தம்பிக்குப் பதினொன்று.

ஒரு பாலைவன நகரத்தில் நடக்கும் சண்டை அது. நாங்கள் அமெரிக்கச் சிப்பாய். எங்களுக்கு முகம் கிடையாது; திரையின் கீழே இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரியும். எதிரிகளுக்கு முகம் உண்டு, ஆனால் மொத்தமே மூன்று முகங்கள். ஒல்லியாக ஒருவன், தாடிக்காரன் ஒருவன், தடித்த மீசையோடு குண்டாக ஒருவன். மூவரும் தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். நூறு பேர் ஓடி வந்தாலும் இந்த மூவர்தான் மாறி மாறி வருவார்கள். சுவருக்குப் பின்னால் ஒருவன் "ஹிக்கா மொராஷ்" என்று கத்துவான். இன்னொருவன் "மொராஷ், மொராஷ்" என்று பதில் சொல்லிவிட்டுக் குண்டை வீசுவான். அது என்ன மொழி என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வாய்க்கு நன்றாக இருந்ததால் வீட்டிலும் அதையே பேசினோம். தம்பி குளியலறையில் இருந்தால், சாப்பிடக் கூப்பிட நான் கதவைத் தட்டி "ஹிக்கா மொராஷ்" என்பேன். உள்ளிருந்து "மொராஷ், மொராஷ்" என்று வரும். அம்மாவுக்கு எரிச்சலாக இருக்கும்.

மீசைக்காரன் யாரைப் போல இருக்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் தம்பிதான்.

"அக்கா, இவன சுடாத. மாமா மாதிரியே இருக்கான்."

அதன் பிறகு மீசைக்காரனைச் சுடுவதில்லை என்று முடிவு செய்தோம். அவனோ எங்களைச் சுடாமல் விட்டதில்லை. பல நாள் அவனால்தான் தோற்றோம்.

மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் லோரி ஓட்டினார். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், நாங்கள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பதைக் கவனித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீசைக்காரன் வந்ததும் தம்பி விரலால் காட்டினான்.

"ஆமா லா, நம்ம மூஞ்சிதான்" என்றார் மாமா. "நீங்க யாரு இதுல?"

"நாங்க அமெரிக்கா, மாமா."

"இவன் என்னா செஞ்சான்?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "கெட்டவன் மாமா."

"யாரு சொன்னா?"

"துண்டு கட்டியிருக்கான்ல."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரக்கு ஏற்றும் நாட்களில் அவர் தலையிலும் அப்படித்தான் ஒரு துண்டு இருக்கும். "இங்க குடு, நான் ஆடுறேன்" என்று சுட்டியை வாங்கினார். அவருடைய சிப்பாய் நேராகப் போய்ச் சுவரில் முட்டி, பிறகு வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். இரண்டு மீசைக்காரர்கள் வந்து அவனைக் கொன்றார்கள். "சொந்தக்காரனுங்களே சுட்டுட்டானுங்க" என்று சொல்லிவிட்டு மாமா முறுக்கு சாப்பிடப் போனார்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ வெட்கமாக இருந்தது. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கருமாதி அறிவிப்பு, கோயில் திருவிழாத் துண்டறிக்கை எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோப்பது நான்தான். தமிழ் எழுத்து சிதைந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆகாது. பொது இடத்து அறிவிப்புகளில் சில சமயம் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பித் திட்டித் தீர்ப்பேன். ஒருமுறை அப்படி ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டே சண்டை போட்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஏமன் நாட்டுக்காரர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். படிக்க இங்கே வந்தவர். ஊரில் போர் தொடங்கியதும் இங்கேயே தங்கிவிட்டார். செராஸில் மனைவியோடு சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மலாயிலும் அரபியிலும் மெனு கார்டு வேண்டும் என்றார். அரபு வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் வழக்கமாகத் தமிழுக்குப் பயன்படுத்தும் பழைய மென்பொருளில் அதை ஒட்டி, அழகாக ஓரக்கோடு போட்டு, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். என் கண்ணுக்கு அது நல்ல கோலம் போலத்தான் இருந்தது.

கார்டுகளை வாங்க வந்த அன்று, கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்த அவர், அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். அவர் பேசியது பாதி மலாய், பாதி ஆங்கிலம்.

"சிஸ்டர், இத நான் எங்கயோ பார்த்திருக்கேன்."

"ஏதும் தப்பா?"

"எழுத்தெல்லாம் சேர்ந்து நிக்கணும். இதுல தனித்தனியா நிக்குது. அதோட தலைகீழா, இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் போகுது. சின்ன வயசுல நாங்க ஒரு சண்டை விளையாட்டு ஆடுவோம். அதுல சுவர் பூரா அரபு இப்படித்தான் எழுதியிருப்பான். நானும் எங்க அண்ணனும் சுடுறத நிறுத்திட்டு அதப் படிக்கப் பார்ப்போம். அதுக்குள்ள செத்துருவோம்."

மன்னிப்புக் கேட்டேன், மறுபடியும் அச்சடித்துத் தருவதாகச் சொன்னேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. எப்படிப்பட்ட விளையாட்டு என்றேன். பாலைவன ஊர், குறுகலான சந்து, துண்டு கட்டிய மூன்று ஆட்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். யோசிக்காமல் என் வாயில் வந்துவிட்டது.

"ஹிக்கா மொராஷ்."

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு, குண்டு வீசுவது போலக் கையை ஓங்கினார். "மொராஷ், மொராஷ்."

அடுத்த மேசையில் இருந்த முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். எத்தனை வருடம் கழித்து வந்த கேள்வி.

"அர்த்தமே இல்ல. அது அரபும் இல்ல, எந்தப் பாஷையும் இல்ல. ஏடன்ல எங்க தெருப் பிள்ளைங்க எல்லாரும் அதத்தான் கத்துவோம். எங்கம்மா, இது எந்த ஊர்ப் பேச்சுன்னு திட்டுவாங்க."

"நீங்க யாரா ஆடுவீங்க?"

"அமெரிக்காதான். வேற யாரையும் எடுக்க முடியாதே." அவர் கையிலிருந்த கார்டை மேசையில் வைத்தார். "ஒல்லியா ஒருத்தன் வருவான், தெரியுமா? எங்க அண்ணன் அச்சு அசல் அவன்தான். ஒரு நாள் அவன சுட்டுட்டு நான் குதிச்சேன். அண்ணன் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டார். ரெண்டு நாள் என்கூட பேசல."

அண்ணன் இப்போது எங்கே என்று கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார். ஏடனில் பள்ளி ஆசிரியராக இருக்கிறாராம். இன்னும் ஒல்லிதானாம். நான் மாமாவின் கதையைச் சொன்னேன். துண்டு விஷயத்தைக் கேட்டதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவர் போன பிறகு அந்தக் கார்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளையாட்டைச் செய்தவர்கள் அரபு படித்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர்கள் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. படிக்கத் தெரிந்தவர் கைபேசியின் மறுமுனையிலேயே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, சரியான மென்பொருளில் ஒவ்வொரு வரியாகக் கோத்தேன். எந்த எழுத்து அடுத்த எழுத்தோடு சேரும், எது சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் 'கெ' எழுதிக் காட்டினேன். பின்னால் ஒலிக்கும் கொம்பு முன்னால் வந்து நிற்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். கடைக்குத் தமிழர்களும் நிறைய வருவதால் தமிழிலும் போடலாம் என்றார். அங்கேதான் சிக்கல். அவர்கள் கடையின் முக்கியமான சோற்றுக்குப் பெயர் மந்தி. தமிழில் அப்படி எழுதினால் பெண் குரங்கு என்றேன்.

"மலாய்ல குளிக்கிறது" என்றார் அவர். "அதுக்கே நல்லா வித்துக்கிட்டிருக்கு. குரங்கும் வரட்டும். போடுங்க சிஸ்டர்."

போட்டேன். முதலாளி புது அட்டை எடுத்துக் கொடுத்தார்.

நடந்ததைத் தம்பியிடம் சொன்னபோது அவன் செமினியில் வீட்டுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். "பொய் சொல்லாதக்கா" என்றான். அன்று சாயங்காலமே அந்த விளையாட்டை எங்கோ தேடிப் பிடித்துத் தன் மடிக்கணினியில் ஏற்றிவிட்டான். அடுத்த வாரம் இருவரும் செராஸ் போனோம். மதியக் கூட்டம் ஓய்ந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். மந்தியைச் சாப்பிட்டு முடித்ததும் தம்பி கணினியைத் திறந்தான்.

அந்த இசை தொடங்கியதும் எனக்கு நெஞ்சு குதித்ததை மறைக்க மாட்டேன். எவ்வளவு மோசமான படம் அது. எல்லாம் கட்டம் கட்டமாக, மணல் மூட்டை கேக் துண்டு மாதிரி. இருந்தும் மூவரும் பள்ளிப் பிள்ளைகள் போல முண்டியடித்தோம். அவர் ஒரு நிமிடத்தில் செத்தார். தம்பி இரண்டாவது சந்து வரைக்கும் போனான். மீசைக்காரன் வந்தபோது பழைய பழக்கத்தில் தம்பியின் விரல் தானாக நின்றுவிட்டது.

அவர் மனைவி ஒரு தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வந்து எங்கள் பின்னால் நின்றார். மலாயில் என்னிடம், "எங்க ஊர்ல இத ஆடுற கம்ப்யூட்டர் கடைக்குள்ள பொம்பளப் பிள்ளைங்கள விடமாட்டாங்க. வெளிய நின்னு சத்தம் மட்டும் கேப்பேன்" என்றார். நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். ஆண்கள் இருவரையும் தட்டு எடுக்க அனுப்பிவிட்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினேன். எதிரிகள் வராமல் செய்யும் ரகசியச் சொல் ஒன்று உண்டு, அதைத் தட்டிவிட்டேன்.

ஊர் வெறிச்சென்று ஆனது. அவர் துப்பாக்கியைச் சட்டை செய்யவே இல்லை. முதல் வீட்டுக்குள் நுழைந்தார். ஒரு மேசை, இரண்டு பெட்டி. அடுத்த வீடு. ஒரு மேசை, இரண்டு பெட்டி. மூன்றாவது வீட்டில் மாடி வரைக்கும் ஏறி இறங்கினார்.

"என்ன தேடுறீங்க?" என்றேன்.

"அடுப்படி. இத்தன பேர் இருக்காங்க, இவங்க எங்கதான் சமைப்பாங்க?"

எனக்கு அது இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை. நானும் குனிந்து தேட ஆரம்பித்தேன். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தபடி போனோம். பின்னால் அவர் கணவரும் தம்பியும் ஆளுக்கொரு துண்டோடு வந்து நின்று, அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ என்றார்கள். கடைசியில் நேரம் முடிந்து, திரை சிவந்து, நாங்கள் தோற்றுவிட்டதாக எழுத்து வந்தது.

அந்தப் பெண் சுட்டியை விடவில்லை. "மறுபடியும் போடுங்க" என்றார். "அந்தச் சந்துல இன்னும் ரெண்டு வீடு இருக்கு."