தலை கேட்டு ஜெபித்தேன்

முடி வெட்டத் தலை கிடைக்காமல் அழுத ஆண்பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அடியேன்தான் அது. மந்தைவெளியில் சலூன் வைத்திருப்பவன்.

எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில், நம் மாதா கோயில் பங்கிலிருந்து சிலோன் மலைநாட்டுக்குத் தொண்டு செய்யப் போனோம். தேயிலைத் தோட்டத்தில், தாய் தகப்பன் இல்லாத வாலிபப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். முடிவெட்டு என் பொறுப்பு.

"சைதாப்பேட்ட தாண்டினாலே உனுக்குப் படபடன்னு வரும். நீ சிலோனுக்குப் போறியா?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு கப்பலேறினேன்.

பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். சீப்பும் கத்தரியும் தாளம் தப்பாமல் ஓடின. வெறும் காற்றில்! நாங்கள் திரும்புவதற்குள் அவர்கள் தைரியமாக வெட்டிக் காட்டினால், கோயிலை ஒட்டிய அறையைக் கடைக்குத் தருவதாக அந்த ஊர்ச் சாமியார் சொல்லியிருந்தார். இல்லையென்றால் பழையபடி வேலையில்லாமல் திரிய வேண்டியதுதான். ஆனால் பழகாத கைக்கு யார் தலையைக் கொடுப்பார்கள்? எங்களுக்காக உருகி உருகி ஜெபித்த சாமியாரே, கத்தரியைக் கண்டதும் அவசர வேலை என்று நழுவினார்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். செல்வராசு என்ற பிள்ளையின் கத்தரி சறுக்கி, என் மீசையில் பாதி போயிற்று.

"மத்தப் பக்கத்தையும் சரி பண்ணிரவா மாஸ்டர்?"

"வேணாம் நைனா! கத்திரியக் கீழ வை! நான் புள்ளகுட்டிக்காரன்!"

யாரும் சிரிக்கவில்லை. செல்வராசு கத்தரியைத் துடைத்து என்னிடம் நீட்டினான். "எங்களுக்கு இது வராது மாஸ்டர்."

கோயிலுக்கு ஓடினேன். முழங்காலில் விழுந்தேன். அழுகையில் ஒழுங்கான ஜெபம் எதுவும் வரவில்லை. "மாதாவே, உன் மகன்கிட்ட சொல்லித் தலை அனுப்பும்மா! எந்தத் தலையானாலும் சரி!" என்று அலறினேன்.

மறுநாள் காலையில் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மூச்சிரைக்க வந்தார். "பள்ளிக்கூடம் பூராவும் பேன், ஐயா! அழகெல்லாம் வேணாம், ஒட்ட வெட்டிவிட்டாப் போதும்." அவர் பின்னால், தலையைச் சொறிந்துகொண்டு பெரிய வரிசை.

பேன் வேண்டாம் என்று ஜெபத்தில் சொல்ல மறந்துவிட்டேன்.

முதல் தலைகள் மேடும் பள்ளமுமாக வந்தன. பிறகு கைகள் நிதானப்பட்டன. "அசையாத தம்பி, காது ரெண்டும் ஒனக்கு வேணும்ல?" என்று செல்வராசு ஒரு வாண்டை மிரட்டியபோது எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. நாங்கள் கிளம்பும் முன்பே சாமியார் அறைச் சாவியை அவன் கையில் வைத்தார்.

எனக்கும் ஒரு பரிசு கிடைத்தது. "சிலோன்லேர்ந்து இன்னா கொணாந்தேன்னு கேட்டா, இதுவா?" என்று வீட்டுக்காரி என்னை உட்காரவைத்துப் பேன் பார்த்தாள்.

இன்றும் எனக்குப் படபடப்பு வருகிறது. வந்ததும் முழங்காலில் விழுந்துவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள், சகோதரரே. அழகாக ஜெபிக்க வரவில்லையென்றால் அலறியாவது கேளுங்கள். என் அலறலுக்கே ஆண்டவர் ஒரு பள்ளிக்கூடத்தை அனுப்பினார்.