புறாக்களின் கனிவான கவனத்திற்கு

ஒலிவாங்கியை இரண்டு விரலால் தட்டிப் பார்க்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். மணி சரியாக ஆறு. "புறாக்களின் கனிவான கவனத்திற்கு. படுக்கையறை சன்ஷேட்டிலும், வடக்கு மதிலிலும், அவரைப் பந்தலிலும் அமர்ந்திருக்கும் புறாக்கள் உடனடியாக இவ்விடத்தை விட்டு அகலுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன." சன்ஷேட்டின் மேல் திருகிவைத்திருக்கும் கூம்பு ஒலிபெருக்கி அந்தக் குரலைத் தெருமுனை வரை கொண்டுசேர்க்கிறது. புறாக்கள் எழுகின்றன. மாடியை ஒருமுறை வட்டமிடுகின்றன. அறிவிப்பு முடிவதும் வட்டம் முடிவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பிறகு எல்லாம் அவையவை எழுந்த இடத்திலேயே வந்து அமர்கின்றன. மதிலில் இருந்தவற்றில் ஒன்றிரண்டு மட்டும் அவரைப் பந்தலுக்கு இடம் மாறுகின்றன. பந்தலடியில் முளைத்திருக்கும் நாற்றுக்குப் பக்கத்தில் இருப்பது அவற்றுக்கு வசதி.

முப்பத்தோரு ஆண்டுகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் 'அறிவிப்பாளர்'தான். ஓய்வு நாளில் சால்வை வேண்டாம் என்று சொல்லி, கழற்றிப் போட்டிருந்த பழைய கூம்பு ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிவந்தார். வேலை போனாலும் வினைச்சொற்கள் அவரை விட்டுப் போகவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்து, "சாப்பாடு எப்ப எதிர்பார்க்கப்படுது?" என்பார். "தாமதத்துக்கு வருந்துறோம்னு நீங்களே ஒருதரம் சொல்லிடுங்க" என்பது மனைவியின் பதில்.

புறாக்களுக்கு எதிராக அவர் முதலில் அறிவிப்பில் இறங்கிவிடவில்லை. முறைப்படி ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தார். பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றை வாங்கி மதில்மேல் நிறுத்தினார். நான்காம் நாள் ஒரு புறா ஆந்தையின் தலையில் உட்கார்ந்து சிறகு கோதியது. ஆந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. பழைய சி.டி.க்களை நூலில் கோத்துத் தொங்கவிட்டார். புறாக்கள் அவற்றில் முகம் பார்த்துக்கொண்டன. ரப்பர் பாம்பை மாடிப்படியில் சுருட்டிவைத்தார். அதற்குப் பயந்தவர் மின்மானி பார்க்க வருபவர் ஒருவரே. அவர் இப்போதெல்லாம் வெளிவாசலில் நின்று, "சார், நீங்களே பாத்து நம்பர சொல்லிடுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்.

இத்தனைக்கும் பிறகுதான் அவருக்குப் பிழை எங்கே என்று தெரிந்தது. இதுவரை யாரும் புறாக்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. "ஆயிரம் பேர ஒரே வார்த்தையில ரெண்டாவது நடைமேடையிலேருந்து நாலாவதுக்கு ஓட வச்சிருக்கேன். இதுங்க என்ன, இருபது உருப்படி" என்றார்.

"அவங்களுக்கு ஊருக்குப் போகணும், ஓடினாங்க. இதுங்களுக்கு இதுதான் ஊரு" என்றார் மனைவி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமல் பந்தலில் அவரைக்கொடி பூக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இருந்தது. முதலில் தூசு என்றார்கள், பிறகு குளிர் என்றார்கள். மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் நுரையீரல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல புறா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. வெளியேற அறிவுறுத்தப்பட்டிருக்கு" என்றார் அறிவிப்பாளர்.

மருத்துவர் மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சில் போகிறது. இப்படியே போனால் நுரையீரல் இறுகிவிடும், இறுகியது இளகாது. "பத்து நாள்ல புறா போகணும். இல்லேன்னா நீங்க அந்த வீட்ட விட்டுப் போகணும். ரெண்டுல ஒண்ணு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னார். தங்கை அன்றைக்கே மாடியறையைக் கழுவிவிட்டுக் கட்டில் போட்டுவிட்டார். "திரும்பி எப்ப வருவே?" என்று அறிவிப்பாளர் கேட்டார். "அத உங்க புறாக்கிட்ட கேளுங்க" என்று பதில் வந்தது. பத்தாம் நாள் காலை பத்தே காலுக்கு வண்டி. "அது எப்பவும் அரை மணி லேட்டுதான்" என்றார் அவர். அந்த அரை மணி நேரத்தில் அவருக்கு ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது.

அறிவிப்பு ஒன்று என்பது மூன்றாயிற்று: காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து. முதல் நாள் பதினேழு புறாக்கள் இருந்தன. ஐந்தாம் நாள் இருபத்தொன்று. அறிவிப்பு வெகுதூரம் கேட்கிறது என்பதற்கு அவர் இதை ஆதாரமாகக் கொண்டார்.

ஆறாம் நாள் மாலை, பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "அண்ணே, கோவிச்சுக்கப்படாது. அதுங்கள போகச் சொல்றீங்க, சரி. கடைசியில வாங்கன்னு ஏன் கூப்பிடறீங்க?"

"யாரு கூப்பிட்டா?"

"'தங்கள் பயணம் இனிதே அமைய வாழ்த்துகிறோம். மீண்டும் வருக.' தெனமும் மூணு வேளையும் கேக்கறேன். எங்க வீட்டுக்காரர் இதச் சொல்லித்தான் வேலைக்குக் கிளம்பறார்."

"நான் அப்படியெல்லாம் சொல்றதில்ல."

"சொல்றீங்க" என்றார் உள்ளிருந்து மனைவி. "மொத நாள்லேருந்து சொல்றீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் அறிவிப்பை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டார். கடைசி வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தார். கோடு வரை ஒழுங்காகப் படித்தார். கோட்டைத் தாண்டி நாக்கு தன்பாட்டில் போய், பயணம் இனிதே அமைய வாழ்த்தியது. எட்டாம் நாள், அந்த இடம் வரும்போது பொத்தானை அணைத்துவிடுவது என்று முடிவுசெய்து, அணைக்கவும் செய்தார். அணைந்த ஒலிவாங்கியின் முன் உதடுகள் மட்டும் அசைந்தன.

"இப்பயும் கூப்பிட்டீங்க. நான் பாத்தேன்" என்றார் மனைவி. அவர் பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அறிவிப்புன்னா ஒரு முடிப்பு வேணும்மா. பாதியில விட்டா கேக்கறவங்களுக்குத் தவிப்பா இருக்கும்."

"எனக்கு மூச்சு பாதியில நிக்குதே, அது யாருக்கும் தவிப்பா இல்லையா?"

அன்று பகல் பன்னிரண்டு மணி அறிவிப்பு நடைபெறவில்லை. அதற்குக் காரணமும் தெரிவிக்கப்படவில்லை. மாலையில் அவரே கடைத்தெருவுக்குப் போய், மாடிகளுக்கு வலை அடிக்கிறவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பிவந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளில் முன்னறிவிப்பின்றி அவர் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம்.

வலைக்காரர் வருவதாகச் சொன்னது ஒன்பதாம் நாள். வந்தது பத்தாம் நாள் காலை எட்டரை மணிக்கு. தாமதத்துக்கு அவர் வருந்தவில்லை. ஏணியில் ஏறி சன்ஷேட்டை எட்டிப் பார்த்தவர் கீழே திரும்பினார்.

"சார், இந்தக் குழாய் ஸ்பீக்கர இங்க வச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"இதுக்குப் பின்னாடிதான் சார் மொத்தக் குடும்பமும் நடக்குது. மழ படாது, வெயில் படாது, காத்து அடிக்காது. நாமளே கூடு கட்டிக் குடுத்தாக்கூட இவ்வளவு வசதி வராது. குஞ்செல்லாம் பறந்துபோச்சு, கூடு காலி. எச்சம் மட்டும் ஒரு சாண் கனத்துக்கு இருக்கு. நேரா ஜன்னலுக்கு மேல."

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் மனைவியின் கட்டில். அறிவிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். "அத அப்படியே வச்சுட்டு, சுத்தி வலை அடிக்க முடியாதா?" என்று கேட்டார்.

"அடிக்கலாம். புறா உள்ள இருக்கும், வலை வெளிய இருக்கும். அது எறங்கினாத்தான் சார் வலைக்குக் கொக்கி போட முடியும்."

"அது நெலயத்துல இருபது வருஷம் என் குரல்..."

"சார், எனக்கு இன்னும் ரெண்டு மாடி இருக்கு."

உள்ளே பையின் ஜிப்பை மூடும் ஓசை கேட்டது. மனைவி வாசலுக்கு வந்தார். ஏறிட்டுப் பார்க்காமல், "ஆட்டோ தெருமுனையில நிக்குது. மாத்திர டப்பாவ டி.வி. பெட்டி மேல வச்சிருக்கேன், உங்களோடது. அவரைக்கு சாயங்காலம் தண்ணி ஊத்துங்க" என்றார். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

அறிவிப்பாளர் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நான்கு திருகாணிகள். மூன்று எளிதாக வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்து அடம்பிடித்தது. அதையும் சுற்றி எடுத்து, ஒலிபெருக்கியை மார்போடு அணைத்து இறக்கி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்தார்.

"எச்சத்த எப்ப எடுப்பீங்க?" என்று வலைக்காரரைக் கேட்டார்.

"அது எங்க வேல இல்ல சார். நாங்க வல மட்டும்தான். தண்ணி தெளிச்சு நல்லா நனச்சு, அப்புறம் சுரண்டணும். வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கணும். அம்மா அதுவரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

தையற்கார அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "அக்கா, எங்க வீட்டுல வந்து உக்காருங்க. அண்ணன் சுரண்டி முடிக்கட்டும். வண்டி எங்க போயிடப்போவுது, நாளைக்கும் அதே வண்டிதானே."

மனைவி பையோடு நின்றுகொண்டிருந்தார். அறிவிப்பாளர் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி, நான்காக மடித்து, மூக்கின் மேல் வைத்து, பின்தலையில் முடிச்சுப் போட முயன்றார். தோள்வலி உள்ள கை பாதிக்கு மேல் எழவில்லை. துண்டு நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது. இடையில் வாய் திறக்க இடம் கிடைத்ததும், "இந்தப் பணி இன்னும் ரெண்டு மணி நேரத்துல நிறைவு..." என்று தொடங்கினார்.

"பேசாம திரும்பி நில்லுங்க" என்றார் மனைவி.

பையைத் தரையில் வைத்தார். துண்டின் இரண்டு முனைகளையும் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு திரும்பவும் கிட்ட வந்து, அதன்மேல் இன்னொரு முடிச்சை இறுக்கினார்.