பாஸான்

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, மின்சாரம் நன்றாகத் தெரியும். ஆனால் பிரெஞ்சில்தான் தெரியும். அவர் படித்து முடிப்பதற்கும் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போவதற்கும் சரியாக இருந்தது. இனிமேல் வேலைக்கு இன்டர்வியூ எல்லாம் இங்கிலீஷில் என்றார்கள்.

அம்மா மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். மாமாவுக்கு வேலை கிடைத்தால் மில்லை விட்டுவிடலாம். வீட்டில் அந்த ஒரு பேச்சுதான். அதையும் அலுத்துப்போய்த்தான் பேசுவார்கள்.

மாமா தரையில் சாக்கட்டியால் படம் போட்டுப் படிப்பார். ஒரு பேட்டரி, ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், மூன்றையும் சுற்றி ஒரு கோடு. டையோடு கரண்டை ஒரு பக்கம்தான் விடுமாம். பேட்டரியைத் திருப்பிப் போட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். விட்டால், பேட்டரியின் ஆறு வோல்ட்டில் டையோடு தின்றதைக் கழித்து, மீதியை ரெசிஸ்டரின் அளவால் வகுக்க வேண்டும். ஓடுகிற கரண்ட் தெரிந்துவிடும். ஆனால் விடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விடுகிறது என்றால் பிரெஞ்சில் 'பாஸான்'. கடைசி எழுத்து மூக்கிலேயே நின்றுவிடும்.

அது அம்மாவின் காதில் 'பாஸாம்' என்று விழுந்தது. களைத்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, நல்ல வாக்கு என்றாள். இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று மாமாவை வாசலில் நிறுத்தினாள்.

"அந்த வார்த்தைய ஒருவாட்டி சொல்லிட்டுப் போடா."

மாமா சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே அதிகாரி இதே படத்தைத்தான் போட்டாராம். டையோடு எந்த நிலையில் இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாராம். மாமாவுக்கு விடை தெரியும், இங்கிலீஷ் வார்த்தைதான் வரவில்லை. வாசலில் சொல்லிவிட்டு வந்ததே வாயில் வந்தது.

"பாஸான்னு என்னையே கேக்குறீங்களா? அத நாங்கதான் சொல்லணும் தம்பி."

அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

மாமா இதைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். கொஞ்ச நாளில் மாமாவும் மில்லுக்குப் போக ஆரம்பித்தார்.

ஷிப்டு முடிந்து இருவரும் வரும்போது நான் வாசலிலேயே நிற்பேன். "பாஸா மாமா?" என்பேன். அவர் செருப்பைக் கழற்றியபடி, மூக்காலேயே "பாஸான்" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பாவம், அம்மாவுக்கு விளையாட்டே புரியாது என்று நினைத்துக்கொள்வேன்.